சாட்சியில்லாக் கடல்

1898-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணி. ஸ்பெயின் நாட்டோடு அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே ரோட் தீவு மாநிலத்து நியூபோர்ட் துறைமுகத்தின் வாயிலில் கண்ணிவெடிகள் இடப்பட்டிருந்தன. பெரிய கப்பல்கள் அஞ்சி விலகிய அவ்வாயிலில், கரையோரப் பாறைகளை உரசுவதுபோல் ஒட்டிக்கொண்டு ஒரு சிறு பாய்க்கலம் உள்ளே நுழைந்தது. காவற்கப்பலிலிருந்து அக்கலத்தின் பெயர் சொல்லி அழைத்த ஒரு குரல் கேட்டது. கலத்தின் பெயர் 'ஸ்பிரே'. நீளம் 36 அடி 9 அங்குலம். அதிலிருந்தவர் ஒரே ஒருவர். ஜோஷுவா ஸ்லோகம் என்னும் அம்மனிதருக்கு அப்போது வயது 54. மூன்று ஆண்டுகளும் இரண்டு திங்களும் கழித்து, 46,000 மைல்களுக்கு மேல் கடலோடி, உலகைத் தனியொருவராகச் சுற்றிவந்த முதல் மனிதராக அவர் நங்கூரம் இட்டார்.

இச்சாதனையில் விந்தை ஒன்று உண்டு. மலையேறுபவருக்குத் துணைவர் இருப்பர். போர்க்களத்தில் பகைவனே சாட்சியாவான். பாலைவனத்தைக் கடப்பவருக்கும் வழிகாட்டி ஒருவன் கிடைப்பான். தனியே கடலோடுபவருக்கோ துறைமுகங்களில் மட்டுமே சாட்சிகள் உண்டு. ஒரு துறைக்கும் மறுதுறைக்கும் இடைப்பட்ட நாற்பது நாளிலோ எழுபது நாளிலோ என்ன நடந்தது என்பதற்கு அவர் எழுதிவைத்த ஏடு ஒன்றே சான்று. தன் கையால் செய்த படகை நம்பி அவர் கடலில் இறங்கினார். அவர் கையால் எழுதிய சொல்லை நம்பி உலகம் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே தனிக்கலப் பயணத்தின் வரலாறு படகுகளின் வரலாறாக இருப்பதைப் போலவே எழுத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

ஸ்லோகத்திற்கு முன்னும் பெருங்கடலைத் தனியே கடந்தவர்கள் இருந்தனர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளாஸ்டர் என்னும் மீன்பிடி ஊரிலிருந்து 1876 ஜூன் திங்களில் ஆல்ஃபிரட் ஜான்சன் என்ற மீனவர், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடும் முகமாக, 20 அடிப் படகொன்றில் அட்லாண்டிக் கடலில் இறங்கி ஆகஸ்ட் திங்களில் வேல்ஸ் நாட்டுக் கரையை அடைந்தார். நடுவழியில் படகு கவிழ்ந்து, அதனைத் தாமே நிமிர்த்திக்கொண்டு சென்றார். பிற்காலத்தில் ஏன் அவ்வாறு சென்றீர் என்று கேட்டவர்களிடம், தாம் ஒரு மூடனாக இருந்ததே காரணம் என்றார் என்பர். அதே ஊரைச் சேர்ந்த ஹவர்ட் பிளாக்பர்ன் 1883-ஆம் ஆண்டுப் பனிப்புயலில் தாய்க்கப்பலைப் பிரிந்து, துடுப்புத் தண்டைப் பிடித்த நிலையிலேயே கைகள் உறைய விட்டு, பத்து விரல்களையும் இழந்தும் கரை சேர்ந்தவர். விரலில்லாத கைகளோடு 1899-இலும் 1901-இலும் அவர் அட்லாண்டிக்கைத் தனியே கடந்தார். இரண்டாம் முறை சென்ற படகின் நீளம் 25 அடி.

கிளாஸ்டர் துறைக்கும் ஈழத் தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை இவ்விடத்தில் சொல்லிச் செல்லலாம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது இதே துறையில்தான். தாமும் சிறுகலத்தில் உலகைச் சுற்றியவரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதனை வாங்கியிருந்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதில் இருந்தனர். அஃது ஊர் கூடிக் கட்டிய கப்பல். பலர் கூடி ஓட்டிய கப்பல். ஸ்லோகத்தின் கதை அதற்கு நேர்மாறானது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1844-இல் பிறந்தவர் ஸ்லோகம். தந்தை மீனவர்களுக்குத் தோற்காலணி தைக்கும் தொழிலர். பத்து வயதளவில் பள்ளிப்படிப்பை நிறுத்தி மகனைத் தம் பட்டறையில் அமர்த்திக்கொண்டார். சிறுவன் ஒளித்துவைத்துச் செதுக்கிய கப்பற் பொம்மையைத் தந்தை கண்டெடுத்து உடைத்தெறிந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். பதினாறு வயதில், தாய் மறைந்த பின்னர், அவர் கடலோடு போனார். பிறகு கால் நூற்றாண்டு பாய்க்கப்பலிலேயே கழிந்தது. சாதாரண மாலுமியாகத் தொடங்கிக் கப்பல் தலைவராக உயர்ந்தார். 1871-இல் சிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்ற பெண்ணை மணந்தார். அவ்வம்மையார் கப்பலிலேயே குடும்பம் நடத்தினார். கடலிலும் அயல்துறைகளிலும் ஏழு மக்களைப் பெற்று மூவரை இழந்தார். 1884-இல் பியூனஸ் அயர்ஸ் துறையில் தாமும் உயிர்நீத்தார்.

இரண்டாம் மனைவியோடும் இரு புதல்வர்களோடும் சென்ற ஸ்லோகத்தின் சொந்தக் கப்பல் 1887-இன் இறுதியில் பிரேசில் கரையில் மணல்மேடேறி உடைந்தது. ஊர் திரும்பக் கைப்பொருள் இல்லை. உடைந்த கப்பலிலிருந்து எடுத்தவற்றையும் அங்குள்ள காட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகைக் கட்டினார். பாய்களை மனைவி தைத்தார். அது நீரில் இறங்கிய நாள் 1888 மே 13. பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே நாள். ஆகவே 'விடுதலை' என்று பொருள்படும் போர்த்துகேயச் சொல்லான 'லிபர்டேட்' அதற்குப் பெயராயிற்று. அந்தப் படகில் நால்வரும் 5,500 மைல் கடந்து தென் கரோலினாக் கரையை அடைந்தனர். அதனைப் பற்றி அவர் எழுதி 1890-இல் வெளியிட்ட சிறு நூலை வாங்குவார் அதிகம் இல்லை.

நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை இல்லை. 1892-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் பழைய தலைவர் ஒருவர், ஃபேர்ஹேவன் என்ற ஊரில் தம்மிடம் ஒரு கலம் இருப்பதாகவும், சற்றே பழுது பார்த்தால் அதனை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஸ்லோகத்திடம் சொன்னார். போய்ப் பார்த்தால், கடலைவிட்டுத் தள்ளி, ஒரு வயலில், கித்தான் போர்த்தி முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய சிப்பிப் படகு. ஏழாண்டுகளாக அது அப்படியே நிற்கிறது. நண்பர் செய்த வேடிக்கை அது. 'உடைக்கப் போகிறீரா?' என்று ஊரார் கேட்டனர். 'இல்லை, திரும்பக் கட்டப் போகிறேன்' என்றார் ஸ்லோகம். அதன் பிறகு ஊரார் கேட்டது வேறு கேள்வி: இதில் வருமானம் வருமா?

பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் நின்ற வெள்ளைக் கருவாலி மரத்தை வெட்டி ஏரா அமைத்தார். சட்டங்களை ஆவியில் வேகவைத்து வளைத்து விலாக்களாக நிறுத்தினார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஜார்ஜியாத் தேவதாருப் பலகைகளை மேலே அறைந்தார். பொருத்துகளில் பஞ்சும் கயிறும் திணித்துக் கலப்பற்று அடைத்தார். வேலை நடக்கும்போது திமிங்கில வேட்டையில் முதிர்ந்த கிழவர்கள் வந்து சுற்றி அமர்ந்து கதை பேசுவர். முகப்பு மரத்தின் உறுதியைக் கண்டு, பனிப்பாறையைப் பிளக்கவும் இது தாங்கும் என்று தீர்ப்புக் கூறுவர். பழைய படகின் ஒவ்வோர் உறுப்பும் மாற்றப்பட்டது. அப்படியாயின் இது பழைய 'ஸ்பிரே'யா, புதிய படகா? பழுதுபார்த்தல் முடியும் இடமும் புதிதாய்க் கட்டுதல் தொடங்கும் இடமும் எதுவென்று சொல்வது கடினம் என்று எழுதிவிட்டு அவர் மேலே செல்கிறார். பெயரை மட்டும் மாற்றவில்லை. பதின்மூன்று மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். இந்த 62 சென்ட்டைக் கவனிக்க வேண்டும். ஸ்லோகத்தின் நூலில் வாசகரின் நம்பிக்கை தொடங்கும் இடம் அதுதான்.

ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம் தமக்கு இல்லை என்று கண்டுகொண்டார். 1895 ஏப்ரல் 24-ஆம் நாள் நண்பகலில் பாஸ்டனிலிருந்து பாய் விரித்தார். கிளாஸ்டரில் இரு வாரம் தங்கினார். அங்கே கைவிடப்பட்ட மீன்படகு ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாதியை எடுத்து அறுத்த பக்கத்தில் பலகை அடைத்துக்கொண்டார். கரைக்குச் செல்லத் தோணியாகவும், துணி துவைக்கவும் குளிக்கவும் தொட்டியாகவும் மூன்றாண்டு உழைத்தது அந்தப் பாதிப்படகு. கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்குரிய குரோனோமீட்டர் என்னும் நுண்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதனைச் செப்பனிட 15 டாலர் கேட்டார்கள். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, நோவா ஸ்கோஷியாவில் ஒரு தகரக் கடிகாரத்தை வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகக்கண்ணாடி உடைந்திருந்ததால் கடைக்காரர் ஒரு டாலருக்குக் கொடுத்தார். இந்துமாக்கடலை எட்டும்போது அக்கடிகாரத்தின் நிமிட முள் இல்லை. நின்றுபோன கடிகாரத்தை வெந்நீரில் இட்டுக் கொதிக்கவைத்தபின் அது மீண்டும் ஓடிற்று என்கிறார். கேலிக்காகச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று பிரித்தறிய முடியாத இத்தொனிதான் அவருடைய நடை.

அசோர்ஸ் தீவில் கிடைத்த பிளம் பழத்தையும் வெண்பாற்கட்டியையும் வயிறார உண்டு, கடலில் வயிற்றுவலியால் துடித்துக் கீழறையில் மயங்கிக் கிடந்தார். புயல் எழுந்தது. விழித்துப் பார்த்தபோது சுக்கானைப் பிடித்துக்கொண்டு நெட்டையான அயல்நாட்டு மாலுமி ஒருவர் நிற்கிறார். கொலம்பஸின் 'பின்டா' கப்பலின் மீகாமன் தாம் என்று அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, பழத்தையும் பாற்கட்டியையும் சேர்த்து உண்ணலாகாது என்று புத்தியும் சொல்கிறார். மறுநாள் தெளிந்தபோது, படகு விட்ட திசையிலேயே தொண்ணூறு மைல் ஓடியிருந்தது. இக்காட்சியை ஸ்லோகம் மறைக்கவில்லை. மெய்யென்று சாதிக்கவும் இல்லை. காய்ச்சலில் கண்டதைக் கண்டபடி எழுதி, மிஞ்சிய பழங்களைக் கடலில் கொட்டியதையும் எழுதினார். புகழ் நாடுபவர் விட்டுவிடும் செய்தி இது. அதை எழுதியதனாலேயே மற்றவற்றை அவர் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

நடுக்கடலில் பேச்சு மறந்துபோகுமோ என்ற அச்சம் அவரைப் பற்றியது. ஆகவே இல்லாத மாலுமிகளுக்கு உரத்த குரலில் ஆணையிட்டுப் பார்த்தார். தம் குரலே வெறுமையாக ஒலித்தது. அதை விட்டுப் பாடத் தொடங்கினார். பாட்டைக் கேட்டு ஆமைகள் பெரிய கண்களோடு நீரிலிருந்து தலைநீட்டியதாகவும் கடற்பன்றிகள் துள்ளியதாகவும் எழுதுகிறார். கேட்பார் இல்லாத இடத்தில் பாடுவது என்னவென்று கவிஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடற்கொள்ளையருக்கு அஞ்சி மத்தியதரைக் கடல் வழியைக் கைவிட்டு மேற்கே திரும்பித் தென் அமெரிக்காவின் முனையை அடைந்தார். மெகல்லன் நீரிணையில் கரையோர மக்கள் தனிப்படகுகளைத் தாக்குவதுண்டு என்று அவரை எச்சரித்திருந்தனர். அவர்கள் தோணிகளில் நெருங்கியபோது ஸ்லோகம் அறைக்குள் புகுந்து உடை மாற்றி வேறு வாயிலால் வெளிவந்தார். முன்புறத்தில் ஒரு மரத்துண்டுக்கு மாலுமியுடை அணிவித்துக் கயிற்றால் அசைத்தார். ஆக மூன்று ஆள். உலகைத் தனியே சுற்றியதாகப் பின்னர் மெய்ப்பிக்க வேண்டிய மனிதர், அன்று தாம் தனியல்லர் என்று நம்பவைக்கப் பாடுபட்டார்! நண்பர் ஒருவர் தந்த கம்பள ஆணிகளை இரவில் மேல்தளத்தில் முனை மேலாகப் பரப்பிவிட்டு உறங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தனர். அம்மக்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது அக்காலத்து வெள்ளையர் பார்வையே. தம் நிலத்தையும் உயிரையும் குடியேறிகளிடம் அவர்கள் இழந்துகொண்டிருந்த காலம் அது என்பதை இன்று படிப்பவர் மறந்துவிடலாகாது.

ஹுவான் பெர்னாண்டஸ் தீவிலிருந்து சமோவா வரை 72 நாள். இடையில் எங்கும் கரையிறங்கவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிய வேண்டி, சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து கணக்கிட்டார். நுண்கடிகாரம் இல்லாதவருக்கு உதவும் கடினமான பழைய முறை அது. வந்த விடை, ஓடிய தூரத்தைக் கொண்டு அவர் மனத்தில் வைத்திருந்த இடத்திலிருந்து பல நூறு மைல் விலகி நின்றது. மீண்டும் அளந்தார், மீண்டும் அதே விடை. தம் கண்ணும் கையும் தவறவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அச்சிட்ட கணித வாய்பாட்டையே சோதித்தார். பிழை வாய்பாட்டில் இருந்தது! அதைத் திருத்தியதும் இரு கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்தன. மார்க்கெசஸ் தீவு கண்ணுக்குத் தெரிந்தது. நடுக்கடலில் தனிமையில் ஒருவர் மெய்ப்புத் திருத்திய அரிய நிகழ்ச்சி எனலாம். சமோவாவில் நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் கைம்பெண், மறைந்த தம் கணவரின் கடல்வழி நூல்களை ஸ்லோகத்திற்குக் கொடுத்து உபசரித்தார்.

கடலோடிகள் நம்ப மறுத்த செய்தி ஒன்று நூலில் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்து கீலிங் தீவு வரை 23 நாளில் 2,700 மைல் ஓடிய 'ஸ்பிரே'யின் சுக்கானை அவர் பிடித்திருந்தது மொத்தம் மூன்று மணி நேரத்திற்கு மேல் இல்லை. சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு அவர் நூல் படித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் தானியங்கிச் சுக்கான் கிடையாது. ஆள் இல்லாமல் ஒரு படகு திசை தவறாது ஓடுமா? 1909-இல் சிப்ரியானோ ஆண்ட்ராடே என்ற வடிவமைப்பாளர் 'ஸ்பிரே'யின் அளவுகளை எடுத்துக் கணித்து, அதன் பாய்களும் உடலும் வியக்கத்தக்கவாறு ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதாகக் கண்டார். பின்னர் அதே அளவில் பல படகுகள் கட்டப்பட்டன. ஆக, எழுதியவர் சொல்லுக்கு அவர் கட்டிய மரமே சாட்சி சொல்லிற்று.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவர் குருகரிடம், உலகைச் சுற்றிவருபவர் என்று ஸ்லோகத்தை அறிமுகம் செய்தனர். பூமி தட்டை என்று நம்பியவர் குருகர். உலகைச் சுற்றுவது முடியாத காரியம், உலகில் சுற்றுகிறீர் என்று சொல்லும் என்று திருத்தினார். செயின்ட் ஹெலினாவில் ஒருவர் அன்போடு ஏற்றிவிட்ட வெள்ளாடு மேற்கிந்தியக் கடல் வரைபடத்தைத் தின்றுவிட்டது. ஆட்டை அடுத்த தீவில் இறக்கிவிட்டு, வரைபடம் இல்லாமலே அக்கடலைக் கடந்தார். வழியில் எதிர்ப்பட்ட 'ஒரிகன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், பகைக்கப்பல் எதையேனும் கண்டீரா என்று கொடியசைத்துக் கேட்டபோதுதான் போர் நடப்பதே அவருக்குத் தெரிந்தது. இல்லை என்று விடையளித்துவிட்டு, பாதுகாப்புக் கருதி நாம் இருவரும் சேர்ந்தே செல்வோம் என்றும் கொடிவழியே சொன்னார்.

ஊர் திரும்பிய பின் 'ஸ்பிரே'யை ஃபேர்ஹேவனுக்கே ஓட்டிச்சென்று, முதன்முதல் நீரில் இறக்கியபோது கட்டிவைத்த அதே கட்டையில் கட்டினார். பயண வரலாறு 1899-1900-இல் 'செஞ்சுரி' என்ற இதழில் தொடராக வந்து 1900-இல் நூலாயிற்று. படகு திரும்பி வந்துவிடும் என்று அன்றே சொன்ன ஒருவருக்கு, பெயர் சுட்டாமல், அந்நூல் காணிக்கை ஆக்கப்பட்டுள்ளது. பள்ளியைப் பத்து வயதில் விட்டவர் எழுதிய அந்நூல் இன்றளவும் அச்சில் இருக்கிறது.

அதைப் படித்துப் படகு கட்டியவர்கள் ஒரு வழிமுறையாகவே தொடர்ந்தனர். ஹாரி பிட்ஜன் என்ற நிழற்படக் கலைஞர், அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடலே காணாத பண்ணையில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்தில் இதழொன்றில் வந்த வரைபடத்தை வைத்து 34 அடிப் படகைத் தாமே கட்டி, நூலகத்து நூல்களில் கடல்வழிக் கணிதம் கற்று, 1921-இலிருந்து 1925 வரை உலகைச் சுற்றினார்; பின்னர் மீண்டும் ஒருமுறை சுற்றினார்.

இவர்களுள் எழுத்தாளர் உலகத்திற்கு மிக அண்மையில் நிற்பவர் ராபர்ட் மேன்ரி. இமயமலைச் சாரலில் லாண்டூரில் 1918-இல், சமயப்பணிக்கு வந்த அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். கிளீவ்லண்ட் நகர நாளிதழ் ஒன்றில் பிறர் எழுதியதைத் திருத்தும் மேசைப் பணி அவருடையது. முப்பதாண்டுப் பழமையான, பதின்மூன்றரை அடி நீளப் படகை 160 டாலருக்கு வாங்கி, தாமே பழுதுபார்த்துச் சிற்றறை கட்டி, 'டிங்கர்பெல்' என்று பெயரிட்டார். 1965 ஜூன் 1-ஆம் நாள் மாசசூசெட்ஸிலுள்ள ஃபால்மத் ஊரிலிருந்து புறப்பட்டு, 78 நாளில் இங்கிலாந்தின் ஃபால்மத் ஊரை அடைந்தார். அவர் தனியே செல்கிறார் என்பதே அலுவலகத்தாருக்குக் கடிதத்தில்தான் தெரியவந்தது. தூக்கமின்மையால் படகில் இல்லாத மனிதரைக் கண்டார். இல்லாத குரல்களைக் கேட்டு மணிக்கணக்கில் திசைமாறி ஓட்டினார். அலை பலமுறை தூக்கியெறிய, இடுப்பில் கட்டிய கயிற்றைப் பற்றி ஏறினார். அனைத்தையும் தம் நூலில் எழுதினார். பிறர் சொல்லிலிருந்த மிகையை ஆண்டுக்கணக்கில் வெட்டிய பேனா, தம் வீரத்திலும் மிகையை அனுமதிக்கவில்லை. வேடிக்கை என்னவெனில், கரைசேரும் முன்னரே நடுக்கடலில் அவரைக் கண்டு முதற்பேட்டி எடுத்தவர் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர். சொந்த நாளிதழ் பின்தங்கிவிட்டது.

இவ்வரலாற்றின் இருண்ட ஏடு அதற்கு மூன்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றும் போட்டி ஒன்றை 1968-இல் லண்டன் வார இதழ் அறிவித்தது. முதலில் திரும்புபவருக்குப் பொற்கோளம். விரைவில் சுற்றுபவருக்கு 5,000 பவுன். புறப்பட்டோர் ஒன்பதின்மர். மின்னணுக் கருவி செய்து விற்ற டொனால்ட் குரோஹர்ஸ்ட் அவர்களுள் ஒருவர். பெருங்கடல் அனுபவம் குறைவு. அவருடைய படகு வீட்டில் கட்டியதன்று. கடன்பட்டு, பட்டறையில் அவசரமாகக் கட்டுவித்த 40 அடி முவ்வுடற் படகு. விதித்த கெடுவின் கடைசி நாளான அக்டோபர் 31 அன்று புறப்பட்டார். படகு நீர் கசிந்தது. மேலே சென்றால் சாவு. திரும்பினால் கடனில் அழிவு. டிசம்பரிலிருந்து வானொலியில் பொய்யிடங்களை அறிவிக்கத் தொடங்கினார். உலகம் அவர் தென்கடலில் விரைவதாக எண்ணிய மாதங்களில் அவர் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் இரு கணக்குகள் இருந்தன. ஒன்றில் உண்மையான இடம். மற்றொன்றில் இருந்திருக்க வேண்டிய இடம். காணாத இடத்துச் சூரியனின் உயரத்தை விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்து எழுதுவது, கண்டு அளந்து எழுதுவதைவிடப் பன்மடங்கு கடினம். அத்திறமை அவரிடம் இருந்தது. கடைசியாய் வந்தால் ஏட்டை எவரும் ஆராயார் என்பது அவர் எண்ணம். ஆனால் பம்பாயில் இந்தியத் தச்சர்கள் தேக்கில் கட்டிய 32 அடி 'சுஹைலி'யில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 ஏப்ரல் 22-இல் முதல்வராய் வந்துசேர்ந்தார். விரைவுப் பரிசுக்கு முந்திக்கொண்டிருந்த மற்றொருவர், குரோஹர்ஸ்ட் துரத்திவருவதாக நம்பிப் படகை வருத்த, அது மே 21-இல் சிதைந்து மூழ்கிற்று. இனிப் பரிசு குரோஹர்ஸ்டுக்கே. ஏடு ஒவ்வொரு வரியாக ஆராயப்படும்.

ஜூன் 24-இலிருந்து அவர் எழுதத் தொடங்கியது கடற்குறிப்பன்று. காலம், கடவுள், மனம் ஆகியவை பற்றி ஏறத்தாழ 25,000 சொற்கள். ஜூலை 1-ஆம் நாளோடு எழுத்து நிற்கிறது. ஜூலை 10-இல் தபால் கப்பல் ஒன்று ஆளில்லாமல் மிதந்த படகைக் கண்டது. அறையில் ஏடுகள் விரித்தபடி இருந்தன. பொய்க் கணக்கைக் கடலில் எறிந்துவிட்டு உண்மைக் கணக்கையும் சேர்த்து அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. தம்மைக் காட்டிக்கொடுக்கும் ஏட்டைத் தாமே விட்டுச்சென்றார் என்பதை எண்ணும்போது, அவரை வெறும் பொய்யர் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்கு வந்த 5,000 பவுனைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டார்.

அதே போட்டியில் வெற்றிவாய்ப்பு இருந்தும், ஹனோய் நகரில் பிறந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் மொய்த்தெசியே, ஊர் திரும்பாமல் தஹிதியை நோக்கிச் சென்றுவிட்டார். அச்செய்தியை ஒரு கவணில் வைத்து, எதிர்ப்பட்ட கப்பலின் தளத்தில் எறிந்தார். அவருடைய படகின் பெயர் 'ஜோஷுவா'; ஸ்லோகத்தின் நினைவாக இட்ட பெயர்.

ஸ்லோகம் 1902-இல் மார்த்தாஸ் வினியர்ட் தீவில் சிறு பண்ணை வாங்கினார். மண் அவருக்குப் பொருந்தவில்லை. 'ஸ்பிரே'யும் அவரும் சேர்ந்து முதுமை எய்தினர். படகைப் பேணுவதில் முன்னிருந்த கருத்து குறைந்துவிட்டதாகக் கண்டவர் கூறினர். ஓரினோக்கோ ஆற்றிலும் அமேசானிலும் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு நவம்பர் திங்களில் தெற்கே புறப்பட்டார். நீந்தத் தெரியாதவர் அவர். படகோ, பலகையோ, ஏடோ எதுவும் பிறகு கிடைக்கவில்லை. புறப்பட்ட ஆண்டு 1908 என்பார் உண்டு. 1909 என்பாரும் உண்டு. 1924-இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்து, அதற்குரிய நாளாக 1909 நவம்பர் 14 என்று பதிவுசெய்தது.